46 போட்டும் குரல் ஏன் உடைகிறது?

கேள்வி கேட்ட தம்பி திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஐடி பார்க்கிறார். நாற்பது ஐபி போன், எழுபது கம்ப்யூட்டர், முப்பத்தைந்து சிசிடிவி கேமரா, வெளியே போக 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன் ஒன்று. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மாலை மூன்று மணிக்குமேல் ஐரோப்பிய பையர்கள் பேச வரும்போது குரல் உடைகிறது. ஸ்விட்சில் கியூஓஎஸ்ஸை, அதாவது எது முதலில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் வசதியை, ஆன் செய்து, போன்கள் அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டுகளுக்கு) டிஎஸ்சிபி என்ற முன்னுரிமைக் குறியாக 46 என்றும் போட்டுவிட்டார். "ஏனுங்ணா, 46 போட்டாச்சு, அப்பவும் கொரகொரன்னுதானுங்க கேக்குது. இந்தக் குறியை யாருதான் பாக்கறாங்க?" என்று கேட்கிறார்.

கடைசியில் கேட்டாரே, அதுதான் சரியான கேள்வி. பல இடங்களில் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிற இடத்தில் நெரிசல் இருப்பதில்லை. நெரிசல் இருக்கிற இடம் அவர் கையில் இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் வேலை பாதி முடிந்தது.

திருப்பூர்க்காரருக்கு இதைத் திருப்பூர்க் கணக்கிலேயே சொல்லிவிடலாம். சாயப்பட்டறைக்குத் துணி ரோல் அனுப்பும்போது டிசியில் (டெலிவரி சலானில்) சிவப்பு மையில் 'அர்ஜென்ட்' என்று எழுதி அனுப்புகிறோம். அந்த எழுத்து துணிக்குச் சாயம் ஏற்றுவதில்லை. பட்டறையில் ரோலை இறக்குகிறவர் அதைப் படிக்க வேண்டும், படித்துத் தனியாக அடுக்க வேண்டும், மெஷினில் ஏற்றுகிறவர் அந்த அடுக்கிலிருந்து முதலில் எடுக்க வேண்டும். படிப்பது வகைப்படுத்தல், எழுதுவது குறியிடல், அடுக்கி எடுப்பது வரிசை. கியூஓஎஸ் என்பது இந்த மூன்றும் சேர்ந்தது. நீங்கள் செய்திருப்பது டிசியில் எழுதிய வேலை மட்டும். இன்னொன்றும் உண்டு. எல்லா கம்பெனிக்காரரும் எல்லா டிசியிலும் அர்ஜென்ட் என்று எழுதினால் பட்டறைக்காரர் என்ன செய்வார்? யார் எழுதியதையும் மதிக்க மாட்டார். இது பின்னால் தேவைப்படும்.

முதலில் அந்தக் குறி எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஐபி பாக்கெட்டின் தலைப்பில் இரண்டாவது பைட், அதாவது எட்டு பிட். 1981இல் வந்த ஆர்எஃப்சி 791 என்ற இணைய விதி ஆவணத்திலேயே அது 'டைப் ஆஃப் சர்வீஸ்' என்ற பெயரில் இருக்கிறது. அப்போது முதல் மூன்று பிட் முன்னுரிமைக்கு. எட்டு நிலைகள், அவற்றுக்கு ஃப்ளாஷ், ஃப்ளாஷ் ஓவர்ரைடு என்றெல்லாம் ராணுவ வாடை அடிக்கும் பெயர்கள். அந்தக் காலத்து இணையம் யாருடைய பணத்தில் பிறந்தது என்பது அந்தப் பெயர்களிலேயே தெரியும். இடையில் 1994இல் வேறு ஒரு யோசனையும் வந்தது. ஒவ்வொரு அழைப்பும் போகும் வழியிலுள்ள எல்லா ரவுட்டரிடமும் முன்கூட்டியே இடம் பதிவு செய்துகொள்வது. ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் மாதிரி. லட்சக்கணக்கான அழைப்புகளை நடுவிலுள்ள ரவுட்டர் ஒவ்வொன்றாக நினைவில் வைக்க வேண்டும் என்பதால் பெரிய நெட்வொர்க்கில் அது எடுபடவில்லை.

1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2474 வந்து அந்தப் பழைய பைட்டுக்குப் புது அர்த்தம் கொடுத்தது. முதல் ஆறு பிட் டிஎஸ்சிபி. ஆறு பிட் என்றால் 0 முதல் 63 வரை 64 மதிப்புகள். மீதி இரண்டு பிட் 2001இல் நெரிசல் அறிவிப்புக்கு என்று, ஈசிஎன் என்ற பெயரில் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு அழைப்பையும் ரவுட்டர் நினைவில் வைக்க வேண்டாம். குறியைப் பார், அந்தக் குறிக்கு உரிய வரிசையில் போடு, அவ்வளவுதான். ஐபிவி6இலும் இதே பைட் 'டிராஃபிக் கிளாஸ்' என்ற பெயரில் இருக்கிறது.

இங்கேதான் ஒரு பள்ளம். டிஎஸ்சிபி 46 என்பது இரும எண்ணில் 101110. அதன் பின்னால் ஈசிஎன்னின் இரண்டு பூஜ்யத்தைச் சேர்த்து முழு பைட்டாக வாசித்தால் 184. அதாவது 46ஐ நாலால் பெருக்கியது. சில போன்களிலும் பிபிஎக்ஸ்களிலும் (ஆபீஸ் போன்களை இணைக்கும் பெட்டிகளிலும்) உள்ள செட்டிங் கட்டம் டிஎஸ்சிபி கேட்கும், சிலவற்றில் டைப் ஆஃப் சர்வீஸ் என்று முழு பைட்டையும் கேட்கும். முழு பைட் கேட்கும் கட்டத்தில் 46 என்று போட்டால் என்ன ஆகும்? 00101110. அதன் முதல் ஆறு பிட் 001011, அதாவது டிஎஸ்சிபி 11. அந்த எண்ணுக்கு எந்த ஸ்விட்சிலும் வழக்கமாக ஒரு வரிசையும் இருக்காது, சாதாரண கூட்டத்தோடு போய்விடும். போதாக்குறைக்குக் கடைசி இரண்டு பிட்டும் சேர்ந்து 'எனக்கு ஈசிஎன் தெரியும்' என்று பொய் சொல்லும். பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லில் இரண்டு நாள் தலையைச் சொறிந்துவிட்டு, பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து பார்த்தபோது எனக்குக் கிடைத்தது இந்த 11தான். எனவே போனின் செட்டிங் பக்கத்தை நம்பாதீர்கள். பாக்கெட்டைப் பிடித்துப் பாருங்கள்.

64 மதிப்புகள் இருந்தாலும் புழக்கத்தில் இருப்பவை இருபது சொச்சம். மூன்று குடும்பமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஈஎஃப் என்பது ஒரே ஒரு மதிப்பு, நமது 46. குரலுக்கு. காத்திருக்க விடாதே, உடனே அனுப்பு என்று பொருள். ஏஎஃப் குடும்பத்தில் நாலு வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை. ஏஎஃப்41, ஏஎஃப்21 என்று எழுதுவார்கள். வகுப்பு எண்ணை எட்டால் பெருக்கி, நிலை எண்ணை இரண்டால் பெருக்கிக் கூட்டினால் டிஎஸ்சிபி வந்துவிடும். ஏஎஃப்41 என்றால் 32, 2 சேர்த்து 34. வீடியோ அழைப்புக்கு அதிகம் பயன்படுவது அது. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் மரியாதை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர் எதிர். ஒரு வகுப்பில் இடம் போதாமல் சிலவற்றைத் தூக்கி எறிய வேண்டி வந்தால் ஏஎஃப்43தான் முதலில் போகும், ஏஎஃப்41 கடைசிவரை தாங்கும். மூன்றாவது சிஎஸ் குடும்பம். பழைய மூன்று பிட் முன்னுரிமையோடு ஒத்துப்போவதற்காக வைத்தது: 0, 8, 16 என்று எட்டெட்டாக 56 வரை. 48 என்ற மதிப்பு, ரவுட்டர்கள் தங்களுக்குள் வழி பேசிக்கொள்வதற்கு. அதில் கை வைக்காதீர்கள்.

டிஎஸ்சிபியை மார்க் ஷீட் மாதிரி படிக்கக் கூடாது. பெரிய எண்ணுக்கு முதல் ரேங்க் என்று எந்த விதியும் இல்லை. 8 என்ற குறி வழக்கத்தில் 0வை விடக் கீழானது, 'அவசரமே இல்லை, மிச்சம் இருந்தால் கொடு' என்று பொருள். அதே வேலைக்கு 2019இல் 1 என்ற மதிப்பைத் தனியாகவே ஒதுக்கினார்கள். குறியிடாத 0 இவற்றைவிட மேல். இரவு நேர பேக்கப், விண்டோஸ் அப்டேட் ஆகியவற்றைக் கீழே தள்ளி 8 அல்லது 1 போடுவது, குரலை மேலே தூக்குவதற்குச் சமமான நல்ல வேலை. ஏனோ அதை யாரும் செய்வதில்லை. எல்லாருக்கும் மேலே தூக்கத்தான் ஆசை.

சரி, எந்த பாக்கெட்டுக்கு எந்தக் குறி என்று கருவி எப்படி முடிவு செய்கிறது? எளிய வழி, ஸ்விட்சின் எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) வந்தது, எந்த விலானில் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்கில்) வந்தது என்று பார்ப்பது. போன்கள் தனி விலானில் இருந்தால் அந்த விலானிலிருந்து வரும் ஆர்டிபி பாக்கெட் (நேரடிப் பேச்சைச் சுமக்கும் வகை) எல்லாம் குரல். அடுத்த வழி ஐந்து விவரங்கள்: அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, இரு பக்க போர்ட் எண் (இது துளை இல்லை, செயலியை அடையாளம் காட்டும் எண்), நெறிமுறை. மூன்றாவது, பாக்கெட்டின் உள்ளே எட்டிப் பார்த்து இது இன்ன செயலி என்று கண்டுபிடிப்பது. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் இதுதான் பெரிய விற்பனைச் சரக்கு. இப்போது பெரும்பாலான போக்குவரத்து மறையாக்கத்தில் போகிறது. 443 என்ற ஒரே போர்ட் வழியாகப் பையருக்கு அனுப்பும் டெக் பேக்கும் (ஆடையின் அளவு, வடிவமைப்பு விவரக் கோப்பு) போகிறது, ஐபிஎல் ஸ்கோரும் வருகிறது. உள்ளே பார்த்துச் சொல்கிறேன் என்கிற கருவி இன்று பாதி ஊகம்தான் செய்கிறது.

அதனால் என் கட்சி இது: குறியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஆரம்பத்திலேயே, செயலிக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது மூட்டை கட்டியவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். நீங்கள் பையருடன் பேசுவது பெரும்பாலும் டீம்ஸில் என்று எழுதியிருக்கிறீர்கள். மேஜைமேல் இருக்கும் போனுக்குப் போட்ட 46 கம்ப்யூட்டரில் ஓடும் டீம்ஸுக்கு எப்படி வரும்? அதற்குத் தனியாக அமைக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் ஒதுக்கீட்டில் குரலுக்கு 50000 முதல் 50019 வரையான போர்ட்கள், குறி 46. வீடியோவுக்கு 50020 முதல் 50039 வரை, குறி 34. திரைப் பகிர்வுக்கு 50040 முதல் 50059 வரை, குறி 18. டீம்ஸ் அட்மின் பக்கத்தில் இந்த போர்ட் வரம்பை இயக்கிவிட்டு, விண்டோஸ் குரூப் பாலிசியில் கியூஓஎஸ் பாலிசியாக எழுதினால் கம்ப்யூட்டரே குறி போட்டு அனுப்பும். டொமைனில் (ஆபீஸ் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேராத லேப்டாப்பில் இது சாதாரணமாக வேலை செய்யாது என்பதை மறந்துவிடாதீர்கள். பையரோடு பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது அந்த மாதிரி லேப்டாப்தான்.

இப்போது அர்ஜென்ட் டிசிக்குத் திரும்புவோம். யார் போட்ட குறியை நம்புவது? கம்ப்யூட்டரில் யாரோ ஒருவர் தன் டவுன்லோடுக்கு 46 போட்டுக்கொண்டால்? நெட்வொர்க்கில் ஓரிடத்தில் கோடு கிழிக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே வந்த குறியை நம்பு, வெளியிலிருந்து வந்ததை அழித்துவிட்டு நீயே போடு. நம்பிக்கை எல்லை என்று இதைச் சொல்வார்கள். வழக்கமாக அது ஸ்விட்சின் போர்ட். போன் மாட்டிய போர்ட்டில் நம்பு, மற்ற போர்ட்டில் நம்பாதே.

பல பழைய ஸ்விட்ச்களில் இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கியூஓஎஸ் ஆஃப் ஆக இருக்கும்வரை ஸ்விட்ச் குறியைத் தொடாது, வந்தபடியே அனுப்பும். நீங்கள் நல்ல எண்ணத்தில் கியூஓஎஸ்ஸை ஆன் செய்த அந்த நிமிஷம், நம்பு என்று சொல்லப்படாத எல்லா போர்ட்டிலும் வரும் குறியை அது 0 ஆக்கிவிடும். ஆன் செய்யாமல் இருந்தபோதே நன்றாக இருந்தது என்று பலர் புலம்புவதற்கு இதுதான் காரணம். உங்கள் ஸ்விட்சில் போன் போர்ட்களில் மட்டுமல்ல, ஸ்விட்சிலிருந்து ஸ்விட்சுக்கும் ஃபயர்வாலுக்கும் (ஆபீசுக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவல் பெட்டிக்கும்) போகும் போர்ட்களிலும் 'டிஎஸ்சிபியை நம்பு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிங் ஹாலுக்குப் போகும் ஒரு இணைப்பில் விட்டுப்போனாலும் அந்தப் பக்கத்து 46 எல்லாம் பூஜ்யமாகத்தான் வந்து சேரும்.

ஸ்விட்ச் மட்டத்தில் இன்னொரு குறியும் இருக்கிறது. பாக்கெட் எந்த விலானைச் சேர்ந்தது என்று ஒட்டும் விலான் டேக் நாலு பைட். அதில் மூன்று பிட் முன்னுரிமைக்கு, பன்னிரண்டு பிட் விலான் எண்ணுக்கு. டேக் இல்லாத இணைப்பில் இந்த மூன்று பிட் இருக்கவே இருக்காது, ரவுட்டரைத் தாண்டினாலும் காணாமல் போகும். ஆகவே டிஎஸ்சிபியை மூலமாக வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் இதற்கு மாற்றிக்கொள்வதுதான் நல்லது.

வைஃபையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி அழைப்புகள் இப்போது வைஃபையில்தான். வைஃபையில் நாலே வகுப்பு: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. மூன்று பிட் எண் 6, 7 என்றால் குரல். 4, 5 என்றால் வீடியோ. 0, 3 சாதாரணம். 1, 2 பின்னணி. டிஎஸ்சிபியின் ஆறு பிட்டை இந்த மூன்று பிட்டாக எப்படிச் சுருக்குவது? பல கருவிகள் முதல் மூன்று பிட்டை அப்படியே வெட்டி எடுத்துக்கொள்ளும். 46 என்பது 101110. முதல் மூன்று 101, அதாவது 5. ஆக, குரலுக்கென்றே பிறந்த ஈஎஃப் வைஃபையில் வீடியோ வகுப்பில் போய் உட்காருகிறது. அதைவிட மோசம் திரைப் பகிர்வின் 18. அது 010010. முதல் மூன்று 010, அதாவது 2. அது பின்னணி வகுப்பு. முக்கியம் என்று குறி போட்டது, குறியே போடாததைவிடக் கீழே போய்விட்டது! இதைச் சரி செய்யத்தான் 2018இல் ஆர்எஃப்சி 8325 வந்தது. 46ஐ 6க்கும், 18ஐ 3க்கும் மாற்றச் சொல்கிறது. உங்கள் ஆக்சஸ் பாயின்ட்டில் (வைஃபை கொடுக்கும் பெட்டியில்) அந்த அட்டவணையை மாற்ற வழி இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் பையருடன் பேசும் நாலைந்து மேஜைகளுக்கு கேபிள் இழுத்துவிடுங்கள். இருநூறு மீட்டர் கேபிளில் தீர்கிற விஷயத்துக்கு அட்டவணையோடு மல்லுக்கட்டத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

குறி சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது வரிசை. குரலுக்குக் கண்டிப்பான முன்னுரிமை வரிசை வைப்பார்கள். அதில் ஒரு பாக்கெட் நின்றாலும் மற்ற எல்லாரையும் நிறுத்திவிட்டு அதைத்தான் முதலில் அனுப்பும். நல்லதுதான், ஆனால் அதற்கு அளவு வைக்காவிட்டால் மற்றவர்கள் பட்டினி கிடப்பார்கள். அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், செகண்டுக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், தலைப்புகள் 40 பைட். கணக்குப் போட்டால் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்தால் 87 சொச்சம். நாற்பது போனில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர் பேசினால் 1.3 எம்பிபிஎஸ். உங்கள் 100 எம்பிபிஎஸ்ஸில் இது கொசுறு. அதனால்தான் குரலுக்கு முன்னுரிமை கொடுப்பது யாரையும் பாதிப்பதில்லை. அதே வரிசையில் வீடியோவையும் சிசிடிவியையும் முதலாளியின் போனையும் சேர்த்தால் அது முன்னுரிமை வரிசையாக இருக்காது, இன்னொரு சந்தைக்கடை. "எம்டியோட லேப்டாப்புக்கும் ஈஎஃப் போட்டுருங்க" என்று ஒரு இடத்தில் கேட்டார்கள். எம்டி இரவு பார்ப்பது யூடியூப் என்று நான் சொல்ல முடியுமா? ஏஎஃப்21 போட்டுவிட்டு வந்தேன்.

இனிமேல்தான் உங்கள் நோய்க்கான மருந்து.

வரிசை என்பது நெரிசல் இருக்கிற இடத்தில் மட்டும்தான் உருவாகும். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும்போது ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று யாரும் சண்டை போடுவதில்லை. தண்ணீர் குறையும்போதுதான் முறை வைக்கிறார்கள், அப்போதுதான் மதகைத் திறக்கும் லஸ்கர் யார் என்பது முக்கியமாகிறது. உங்கள் ஆபீசுக்குள் எல்லாம் ஜிகாபிட் ஸ்விட்ச். அங்கே நெரிசல் இல்லை, ஆகவே அங்கே போட்ட முன்னுரிமைக்கு வேலையும் இல்லை. நெரிசல் எங்கே? ஃபயர்வால் ஜிகாபிட்டில் கொடுக்கிறது, சேவை நிறுவனத்தின் பெட்டி 100 எம்பிபிஎஸ்ஸில்தான் வெளியே அனுப்புகிறது. நடுவில் தேங்குவது அந்தப் பெட்டியின் உள்ளே. ஃபயர்வாலைக் கேட்டால் 'என் போர்ட் காலியாகத்தான் இருக்கிறது, வரிசையே இல்லை' என்று சொல்லும். அதன் கண்ணுக்கு அது உண்மை. அந்தப் பெட்டிக்கு உங்கள் 46 தெரியாது. மாலை மூன்று மணிக்கு சாம்பிள் போட்டோ, வீடியோ, டெக் பேக் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும்போது, அதன் நினைவகத்தில் 2.5 மெகாபைட் தேங்கினால் போதும், 100 எம்பிபிஎஸ்ஸில் அது வடிய 200 மில்லிசெகண்டு ஆகும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அந்தத் தேக்கம் ஒன்றே அதைத் தாண்டிவிடுகிறது.

வழி என்ன? மதகை உங்கள் பக்கம் கொண்டு வாருங்கள். ஃபயர்வாலின் வெளிப் போர்ட்டில் ஷேப்பிங் போட்டு, உண்மையாகக் கிடைக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக, 90 அல்லது 95 எம்பிபிஎஸ் என்று கட்டுங்கள். இப்போது தேக்கம் ஃபயர்வாலுக்குள் உருவாகும். அங்கே வரிசை உங்களுடையது, குறியைப் படிக்கிறதும் உங்களுடையது. 46 முன்னால் போகும், டெக் பேக் அரை செகண்டு பொறுக்கும். ஐந்து எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுக்க மனசு வராது, தெரியும். விட்டுக்கொடுக்காவிட்டால் இதுவரை செய்த எதற்கும் பலன் இல்லை. ஷேப்பிங்குக்கும் போலீசிங்குக்கும் வித்தியாசம் பாருங்கள். முன்னது பொறுத்து அனுப்பும், பின்னது அளவுக்கு மேல் வந்ததைக் கீழே போட்டுவிடும். உங்களுக்கு வேண்டியது முன்னது. கருவியில் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை முறை இருந்தால் அதையும் இயக்குங்கள். 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆக வெளியானது. ஒவ்வொரு ஓட்டத்தையும் பிரித்து, யாரும் அதிக நேரம் தேங்காமல் பார்த்துக்கொள்ளும். சிறிய ஆபீஸ்களில் குறியே போடாமல் இது ஒன்றை மட்டும் வைத்துப் பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதில் யாருக்குக் குரல் உடைகிறது என்று கேட்டுப் பாருங்கள். பையர் 'நீங்கள் பேசுவது உடைகிறது' என்றால் ஏற்றும் திசை, மேலே சொன்ன மருந்து போதும். பையர் பேசுவது உங்களுக்கு உடைந்தால் இறக்கும் திசை. அங்கே தேக்கம் சேவை நிறுவனத்தின் பக்கத்தில். வருகிற பாக்கெட்டில் குறி பெரும்பாலும் வழியிலேயே அழிந்து 0 ஆகத்தான் வரும். ஃபயர்வாலில் போர்ட் எண்ணை வைத்து மறுபடி வகைப்படுத்த வேண்டும், உள்ளே வரும் திசையிலும் 90 என்று ஷேப்பிங் போட வேண்டும். வந்து சேர்ந்ததைத் தாமதப்படுத்தி என்ன பயன் என்று தோன்றும். கோப்புகளைச் சுமக்கும் டிசிபி ஓட்டங்கள் தாமதத்தையும் பாக்கெட் விழுவதையும் பார்த்துத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அங்கே தேக்கம் வடியும். முழு மருந்து இல்லை, ஆனாலும் கேட்கும்.

சேவை நிறுவனம் என் 46ஐ ஏன் மதிக்கவில்லை என்று கோபப்படுவதில் அர்த்தம் இல்லை. பொது இணையத்தில் உங்கள் குறிக்கு யாரும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. எல்லாருடைய டிசியிலும் அர்ஜென்ட் எழுதியிருக்கும் பட்டறை அது. இந்தியாவில் 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்ற இணையச் சமநிலை விதிகளும், உள்ளடக்கத்தைப் பார்த்து ஒன்றை வேகப்படுத்தி இன்னொன்றை மெதுவாக்கும் பாகுபாட்டைத் தடை செய்கின்றன. கோவை ஆபீசுக்கும் திருப்பூர் ஃபேக்டரிக்கும் நடுவே எம்பிஎல்எஸ் லைன் (சேவை நிறுவனம் தன் நெட்வொர்க்குக்குள்ளேயே தரும் தனி இணைப்பு) எடுத்தால் கதை வேறு. அங்கே ஒப்பந்தத்திலேயே வகுப்புகள் பேசி வாங்கலாம். ஆனால் அங்கே பாக்கெட்டில் ஒட்டும் எம்பிஎல்எஸ் லேபிளில் குறிக்கு மூன்றே பிட், எட்டு மதிப்பு. எந்த டிஎஸ்சிபி எந்த வகுப்பில் விழும், குரல் வகுப்பில் எத்தனை எம்பிபிஎஸ், அதைத் தாண்டினால் தூக்கி எறிவார்களா, கீழ் வகுப்புக்குத் தள்ளுவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வருகிறவரிடம் கேட்டால் "எல்லாம் இருக்குதுங்க" என்பார். எழுத்தில் கேளுங்கள்.

விபிஎன் (இணையத்தின் வழியே போடும் மறையாக்கச் சுரங்கம்) இருந்தால் ஒரு வார்த்தை. ஐபிசெக் என்ற விபிஎன் முறையின் சுரங்கத்துக்குள் போகும் பாக்கெட்டின் டிஎஸ்சிபி வெளித் தலைப்புக்கும் நகலாகும், அதனால் குறியை வைத்து வரிசைப்படுத்த முடியும். போர்ட் எண்ணை வைத்து முடியாது, அது உள்ளே மறைந்துவிட்டது. சுரங்கத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் உண்டு. குரல் முந்திப் போய், பழைய எண்ணுள்ள கோப்பு பாக்கெட்டுகள் 64க்கு மேல் பின்தங்கினால், எதிர்ப்பக்கம் அவற்றை 'யாரோ பழையதைத் திரும்ப அனுப்புகிறார்கள்' என்று நினைத்துத் தூக்கி எறியும். கியூஓஎஸ் போட்ட பிறகு கோப்பு அனுப்புவது மெதுவாகிவிட்டது என்று புகார் வந்தால் அந்த 64 என்ற வரம்பை (ரீப்ளே விண்டோ) பெரிதாக்கிப் பாருங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது இதுதான். ஒரு லேப்டாப்பில் வயர்ஷார்க் போட்டு, போனுக்குப் பக்கத்து ஸ்விட்சிலும் ஃபயர்வாலுக்கு முன்னாலும் போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொன்றுக்கு நகல் அனுப்புவது) வைத்து, ஒரே அழைப்பை இரண்டு இடத்திலும் பிடியுங்கள். முதல் இடத்தில் 46, இரண்டாவது இடத்தில் 0 என்றால் நடுவில் ஒரு போர்ட் நம்பவில்லை, அதைத் தேடுங்கள். முதல் இடத்திலேயே 11 என்றால் போனின் கட்டத்தில் 184 போடுங்கள். இரண்டிலும் 46 என்றால் ஷேப்பிங்குக்குப் போங்கள். ஷேப்பிங் போடுவதற்கு முன்னும் பின்னும், ஒரு பெரிய கோப்பை ஏற்றிக்கொண்டே வெளியே ஏதாவது ஒரு முகவரிக்கு பிங் (பாக்கெட் போய்வரும் நேரத்தை அளக்கும் சோதனை) ஓடவிட்டு நேரத்தை எழுதி வையுங்கள். பிறகு முதலாளியிடம் காட்ட அந்த இரண்டு எண்கள் போதும். ஃபயர்வாலின் வெளிப் போர்ட்டில் குரல் வரிசையில் எத்தனை பாக்கெட் போனது, எத்தனை விழுந்தது என்ற கணக்கையும் பாருங்கள். போனது பூஜ்யம் என்றால் வகைப்படுத்தும் விதியே பொருந்தவில்லை என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் சனிக்கிழமை சம்பளம் போட்டுவிட்டு எல்லாரும் கிளம்பிய பிறகு செய்யாதீர்கள். அப்போது லைன் காலியாக இருக்கும், எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். செவ்வாயோ புதனோ, மாலை நாலு மணிக்கு, மெர்ச்சண்டைசர்கள் எல்லாரும் போட்டோ ஏற்றிக்கொண்டிருக்கும்போது செய்யுங்கள்.